கரியின் ஐந்தொகை

தேவிபட்டினத்தில் அமாவாசைக்கு மறுநாள் காலையில் கரையொதுங்கிக் கிடந்தவை: அறுந்த பூமாலை, ஊறி உப்பிய கொள்ளு, ஒற்றைச் செருப்பு, கடல்தாழைச் சருகு, ஒரு கணவாய் ஓடு. நவபாஷாணத்தை ஒன்பது சுற்றுச் சுற்றி, நவதானியத்தைத் தண்ணீரில் விட்டு, தலைமுழுகிப் போனவர்கள் விட்டுச்சென்றவை முதல் மூன்றும். கடைசி இரண்டும் கடல் தன் கணக்கில் போட்டது. நான் கணவாய் ஓட்டை எடுத்துக்கொண்டேன்.

அதைக் கடல்நுரை என்றும் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். உண்மையில் அது நுரையுமில்லை, ஓடுமில்லை. கணவாயின் முதுகுக்குள் இருந்து அது மிதக்க உதவும் சுண்ணாம்புப் பலகை. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அந்தச் சுண்ணாம்பில் நூறு கிராமுக்குப் பன்னிரண்டு கிராம் கரி. பாடப்புத்தகம் கார்பன் என்று சொல்வதை நான் கரி என்றே எழுதுகிறேன். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் மாவட்டத்தில் வேறு சொல் ஒட்டாது. ஆனால் கரி என்றதும் கறுப்பைத்தான் நினைக்கிறோம். பூமியின் மேலோட்டில் இருக்கும் கரியில் பெரும்பங்கு வெள்ளையாக, சுண்ணாம்புக் கல்லாகத்தான் கிடக்கிறது.

என் கையிலிருந்த கரி எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து. கடலுக்கு? காற்றிலிருந்தும் ஆற்றிலிருந்தும். அதற்கு முன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தேவிபட்டினத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போய்ச் சேரலாம். நானும் போனேன்.

கரியில் நிலையான வகை இரண்டு. ஒன்றின் எடை 12, மற்றதன் எடை 13. நூறு கரியணுவை எடுத்தால் ஏறத்தாழ 99 அணுக்கள் 12 வகை. ஒன்றே ஒன்று, கணக்காகச் சொன்னால் 1.1, 13 வகை. வேதியியல் குணம் ஒன்றுதான். 13-க்கு ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவே. இப்படி எடையில் மட்டும் வேறுபடும் உடன்பிறப்புகளை ஐசோடோப்பு என்கிறோம். மூன்றாவதாக 14 என்று ஒன்று உண்டு. அது நிலையில்லாதது; அதற்கு ராமேஸ்வரத்தில் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உடன்பிறந்த இரண்டையும் பிரிப்பது இலை. கரியமில வாயு இலைக்குள் நுழையும்போது 12 சற்று விரைவாக உள்ளே வந்துவிடுகிறது. உள்ளே ரூபிஸ்கோ என்ற நொதியும் அதையே முந்திப் பிடிக்கிறது. முறத்தில் புடைப்பது போலத்தான், ஆனால் ஓட்டை முறம். பதரும் மணியும் முழுதாகப் பிரியாது. ஆயிரத்துக்கு இருபது, இருபத்தைந்து என்ற அளவில் விகிதம் மாறும். நேற்று கடலில் விழுந்த நவதானியம் ஒன்பதுமே, நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு எல்லாமே, இந்த லேசான கூட்டம். கடற்சுண்ணாம்போடு ஒப்பிட்டால் அவற்றில் 13 வகை ஆயிரத்துக்கு 25, 26 குறைவு. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கம்பும் கேழ்வரகும் குதிரைவாலியும் வேறு சாதி. வறண்ட நிலத்துப் புல்லினங்களான அவை கரியமில வாயுவைச் சிந்தாமல் இறுக்கிச் சேர்த்துவைத்துப் பிறகே உண்கின்றன. அவற்றில் குறைவு 12 அளவுதான். பழைய எலும்பை அளந்து, அதற்குரியவர் நெல்லுண்டு வளர்ந்தவரா கம்புண்டு வளர்ந்தவரா என்று தொல்லியலார் சொல்வது இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

கடலிலும் இதே முறம்தான். மிதக்கும் நுண்பாசி 12-ஐ அதிகமாக எடுத்துக்கொள்ளும். சிப்பியும் பவளமும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. கடல்நீரில் கரைந்திருப்பதைக் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் எடுத்து ஓடு கட்டும். பாசி செத்தால் சேறு. சிப்பி செத்தால் கல். ஒரே கடலில் இருந்த கரி இப்படி இரண்டு குடும்பமாகப் பிரிந்துவிடுகிறது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எரிமலைகள் பூமிக்குள்ளிருந்து கொண்டுவரும் கரியை அளந்தால் விகிதம் சுமார் −5. அதாவது கடற்சுண்ணாம்பைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டால் 13 வகை ஆயிரத்துக்கு 5 குறைவு. வரவு −5 என்றால் செலவும் −5 ஆகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் உலகத்துக் கடற்சுண்ணாம்புக் கற்கள் பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கின்றன. அப்படியானால் குறைவாக உள்ள சரக்கு வேறெங்கோ பற்று எழுதப்பட்டிருக்கிறது. அது சேற்றில் புதைந்த −25. ஐந்தில் நான்கு பங்கு கல்லாகவும் ஒரு பங்கு சேறாகவும் போனால்தான் ஐந்தொகை பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், சேற்றை ஒருவர் கண்ணால் பார்க்கவே வேண்டாம். கல்லை அளந்தாலே போதும், காணாமல் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். செட்டியார் கடைப் பேரேட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தைச் சொல்லிவிடும் கணக்குப்பிள்ளையின் வேலைதான் இது.

நம் ஊர்க் கதைக்கு அந்த இரண்டு பக்கமும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், தென்கண்டத்திலிருந்து பிரிந்த இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருந்தபோது, அதன் கிழக்கோரம் பிளந்து தாழ்ந்து கடல் புகுந்தது. புதுச்சேரி, அரியலூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், பாக் விரிகுடா எல்லாம் அந்தப் பள்ளத்தின் அறைகள். நிலவியலார் மொத்தத்தையும் காவிரிப் படுகை என்கிறார்கள். வடமேற்கு ஓரத்தில், அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் அந்தக் கடலின் தரை இன்று வெயிலில் காய்கிறது. தெற்கே ராமநாதபுரத்தில் அதே கடலின் தரை நம் காலடியில், கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் அழுந்திக் கிடக்கிறது.

காரையில் இறங்கினால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். மழை அரித்த களிமண் மேடுகள், ஓடைகள், வெள்ளி போல் மினுக்கும் ஜிப்சத் துண்டுகள், வெயில். குனிந்து பார்த்தால்தான் தெரியும், விரல் நீளத்தில் தோட்டா போன்ற கற்கள். பெலம்னைட். கணவாயின் தூரத்து மூதாதை உறவு. கணவாய் ஓடு போலவே உடலுக்குள் இருந்த சுண்ணாம்புப் பாகம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், ‘எதுக்குத் தம்பி அதைப் பொறுக்குறீங்க? மழை பெஞ்சா இன்னும் வரும்’ என்றார். ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அது பிழை என்று அன்றைக்குத் தெரியவில்லை.

இந்தப் பகுதியை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவருடைய அறிக்கை 1862-ல் வந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் அடுக்குகளுக்கு வைத்த பெயர்கள் இன்றும் உலகத்து நூல்களில் இருக்கின்றன. புதைபடிவங்களை இனம் பிரித்து எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற மொராவிய நாட்டுக்காரர். அவர் 1874-ல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். இவர்கள் எல்லாரும் ஓட்டின் வடிவத்தைப் பார்த்தார்கள். ஓட்டுக்குள் இருக்கும் அணுவை எண்ண இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

1939-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் நியரும் குல்பிரான்சனும் சுண்ணாம்புக் கல்லையும் தாவரத்தையும் நிறை நிறமாலைமானியில் அளந்து, கல்லில் 13 அதிகம், தாவரத்தில் குறைவு என்று கண்டார்கள். அதே 1939-ல் திருச்சிக்கு அருகே கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை தொடங்கியது. ஒருபக்கம் கல்லைப் படிக்கக் கற்றுக்கொண்டோம், மறுபக்கம் அதே கல்லைச் சுடத் தொடங்கினோம். கல்லக்குடி என்ற பெயருக்காக 1953-ல் நடந்த போராட்டமும் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த கருணாநிதியும் தமிழ்நாட்டுக்கு நினைவிருக்கிறது. அந்த ஊரின் கல் பவளமும் பாசியும் கட்டிய பதினோரு கோடி ஆண்டுப் பழைய திட்டு என்பது அவ்வளவாக நினைவில் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரி பழங்காலக் கடலின் வெப்பநிலையை அளக்கப் புறப்பட்டார். அவருக்கு வேண்டியிருந்தது ஆக்சிஜனின் ஐசோடோப்பு. கரி இலவச இணைப்பு. ஓட்டுப் பொடியில் பாஸ்பாரிக் அமிலம் விட்டால் பொங்கிவரும் கரியமில வாயுவில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். 44 எடையுள்ள மூலக்கூறு எத்தனை, 45 எத்தனை என்று கருவி எண்ணிவிடும். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே? தெற்குக் கரோலினாவின் பீ டீ ஆற்றங்கரை அடுக்கில் கிடைத்த ஒரு பெலம்னைட்டைப் பொடித்து, அதையே பூஜ்ஜியம் என்று வைத்தார்கள். உலகத்துக் கரி விகிதம் முழுவதும், கம்பு −12 என்பதும் நெல் −26 என்பதும், ஒரு செத்த கணவாய்க் குடும்பத்து உறுப்பினரிலிருந்து எத்தனை தள்ளி என்றுதான் இன்றுவரை எழுதப்படுகிறது. அந்தப் பொடி வெகு சீக்கிரம் தீர்ந்துபோனது. பிறகு ஒரு சலவைக்கல் பொடியை வைத்து, வியன்னாவிலுள்ள பன்னாட்டு அணுசக்தி முகமை அதே அளவுகோலை நீட்டித்தது. பொருள் போய்விட்டது, பூஜ்ஜியம் மட்டும் நிற்கிறது. நம் காரைப் பெலம்னைட் அதைவிடக் கோடிக்கணக்கான ஆண்டு மூத்தது. தென்கோளக் கடலின் வேறு கிளை. ஆனாலும் பங்காளிதான்.

அளவுகோல் கிடைத்தபின் உலகெங்கும் கல்லை அடுக்கடுக்காக அளந்தார்கள். அப்போது தெரியவந்ததில் பெரியது 9.4 கோடி ஆண்டுக்கு முந்திய ஒரு துள்ளல். இத்தாலியின் குப்பியோ மலை, இங்கிலாந்தின் சுண்ணப் பாறை, அமெரிக்கா எங்கும் ஒரே காலத்தில் கல்லின் விகிதம் ஆயிரத்துக்கு 2 அளவு மேலே ஏறி, சில லட்சம் ஆண்டு கழித்து இறங்குகிறது. இரண்டுதானா என்று கேட்கலாம். உலகத்துக் கடல் முழுவதின் சராசரி இரண்டு நகர வேண்டுமென்றால் மலைமலையாக லேசான கரி சேற்றில் புதைய வேண்டும். நடந்தது அதுதான். பெரும் எரிமலைப் பொங்கல் ஒன்று கடலைச் சூடாக்கி உரமும் போட்டது. பாசி பெருகியது, ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்தது, செத்த பாசி மட்காமல் கறுப்புக் களிமண்ணாகப் படிந்தது. ஷ்லாங்கரும் ஜென்கின்ஸும் 1976-ல் இதற்குக் கடல் ஆக்சிஜனற்ற நிகழ்வு என்று பெயரிட்டார்கள். காரைக் களிமண் படிந்த காலத்துக்குள் இந்தக் கட்டமும் அடங்கும்.

காவிரிப் படுகைச் சுண்ணாம்புக் கற்களின் கரி, ஆக்சிஜன் விகிதங்களை மாதவராஜுவும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் ஒரு பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார்கள். இந்த வேலை பார்ப்பதற்கு எளிது போலத் தோன்றும், அப்படியல்ல. கல் கல்லான பிறகும் மழைநீர் அதனுள் ஊறும், கரைக்கும், புதிதாகப் படியவைக்கும். ஆக்சிஜன் கணக்கு அதில் சுலபமாகக் கெட்டுவிடும். கரி கொஞ்சம் பிடிவாதமானது, இருந்தாலும் நம்பிவிட முடியாது. ஓட்டில் மாங்கனீசும் இரும்பும் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். ஏறியிருந்தால் அந்தச் சாட்சி கலைக்கப்பட்ட சாட்சி. கணவாய்க் குடும்பத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல்நீரின் கரியோடு, தான் தின்று செரித்து மூச்சாக விட்டதையும் கொஞ்சம் ஓட்டில் சேர்த்துக் கட்டிவிடும். ஒரே ஓட்டை வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

கல்லான குடும்பத்தின் பயணம் இவ்வளவு. சேறான குடும்பம் எங்கே? அதைத் தேடி எண்ணெய் எரிவாயுக் கழகம் காவிரிப் படுகை முழுக்கத் துளைபோட்டது. ஆழத்து அடுக்குகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் எனக்குப் பிடிக்கும்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம். நெல்வயல் ஊர்களின் பெயர்கள் ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்கு அடியில், மனிதர் போக முடியாத ஆழத்தில் கிடக்கின்றன. ஆண்டிமடமும் சாத்தப்பாடியும் பழைய கடலின் கறுப்புச் சேறு. கோடிக்கணக்கான ஆண்டு அழுத்தத்திலும் சூட்டிலும் அதிலிருந்து எரிவாயு பிரிந்து மேலேறி, நன்னிலம், புவனகிரி அடுக்குகளின் மணற்கல்லில் தங்கியது. பெருங்குளம், காஞ்சிரங்குடி, பெரியபட்டினம் வயல்களிலிருந்து இப்போது குழாய்வழி வெளியே வருகிறது. வழுதூரில் இந்த வட்டாரத்து எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தின் இரண்டு அலகுகளும் சேர்ந்து ஏறத்தாழ 187 மெகாவாட். தேவிபட்டினத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அரியலூரில் மறுபாதி. கல்லங்குறிச்சியின் சிப்பிக்கல், கல்லக்குடியின் பவளக்கல் எல்லாம் சூளைக்குப் போகின்றன. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறக்கும். கலப்பில்லாத சிமெண்ட் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குக் கல்லிலிருந்து மட்டும் சுமார் 25 கிலோ. சூளைக்கு எரித்த நிலக்கரிப் புகை தனி. கரை ஊர்களிலும் சின்ன அளவில் இதையே காலங்காலமாகச் செய்தோம். சிப்பியைக் காளவாசலில் சுட்டு வெற்றிலைக்கும் சுவருக்கும் எடுத்துக்கொண்டோம். அந்தச் சுவர் பறந்த கரியைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பக் குடித்து மறுபடி கல்லானது. சிமெண்டும் குடிக்கும், பறந்த அளவுக்கு ஈடாக அல்ல.

ஆக, பத்துக் கோடி ஆண்டுக்கு முன் ஒரே கடலில் பிரிந்த இரண்டு குடும்பமும் இப்போது அரியலூர்ச் சூளை வழியாகவும் வழுதூர்ச் சுழலி வழியாகவும் ஒரே காற்றில் சந்திக்கின்றன. கடல் அவற்றைப் பிரித்து வைக்க எடுத்துக்கொண்ட காலம் எங்கே, நாம் எடுத்துக்கொண்ட காலம் எங்கே! கரியமில வாயு ஓரிடத்தில் தங்காது; ஓரிரு ஆண்டுக்குள் உலகைச் சுற்றிக் கலந்துவிடும். சில ஆண்டுகளில் ஏதோ ஓர் இலையிலோ கடலிலோ இறங்கிவிடும். அரியலூரில் புறப்பட்டது தேவிபட்டினத்துத் தண்ணீரில் இறங்கலாம், அண்டார்டிகாவிலும் இறங்கலாம். என் கணவாய் ஓட்டில் கல்லக்குடி அணு ஒன்றாவது இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். சிட்டிகைப் பொடியிலேயே கோடி கோடி கோடி அணுக்கள் இருப்பதால் தோற்க வழியில்லை.

இனி 14. அது வானத்தின் மேலடுக்கில் உண்டாகி 5,730 ஆண்டில் பாதியாகத் தேய்வது. காரைக் கல்லில் அதன் தடயமே இருக்காது. அதைக் கொண்டு வயது பார்க்கக் கற்றுக்கொடுத்த வில்லர்ட் லிபியும் யூரி இருந்த அதே சிகாகோதான். ராமேஸ்வரம் தீவின் வடகரையில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பழைய பவளத்திட்டை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-லேயே எழுதிவைத்திருந்தார். 1972-ல் ஸ்டோடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் வெளியிட்ட 14 கணக்குப்படி அதன் வயது சுமார் 4,000 ஆண்டு. அன்று கடல் இன்றைவிடச் சற்று உயரத்தில் நின்றிருக்கிறது. அந்த முருகைக்கல்லையும் விட்டுவைக்கவில்லை. வீடு கட்டினோம், சுட்டோம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவர் பவளக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. பவளம் தோண்டியதே காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது.

காற்றின் கணக்கில் லேசானதே மேலோங்குகிறது. உலகத்தில் எரிபவற்றில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவோடு ஒப்பிட்டால் சுண்ணாம்புக் கல் சிறுபங்குதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் விகிதம் −6.4 அளவில் இருந்தது. இப்போது −8.5-ஐத் தாண்டி இறங்கிவிட்டது. 9.4 கோடி ஆண்டுக்கு முன் கடல் பல்லாயிரம் ஆண்டு பாடுபட்டு மேலே ஏற்றிய அந்த இரண்டை, எதிர்த்திசையில், இருநூறு சொச்சம் ஆண்டில் காற்றில் இறக்கியிருக்கிறோம். உலகத்துக் கடல்களில் வளரும் பவளங்கள் இந்த இறக்கத்தை வருட வளையமாக எழுதிக்கொண்டிருக்கின்றன. ஹான்ஸ் சூஸ் 1955-ல் 14 வகைக்குக் கண்டதால் 13 வகையின் இந்தச் சரிவுக்கும் சூஸ் விளைவு என்றே பெயர்.

காரையில் எடுத்த பெலம்னைட்டை ஒரு நிலவியல் பேராசிரியரிடம் காட்டினேன். கையில் வாங்கவேயில்லை. ‘எந்த அடுக்கு, ஐயா?’ என்றார். ஓடையின் அடியில் உருண்டு கிடந்தது என்றேன். ‘அப்ப இது வெறும் கல்லுதான்’ என்று காப்பியைக் குடிக்கத் தொடங்கிவிட்டார். பக்கம் தெரியாமல் பேரேட்டிலிருந்து கிழித்த தாளை வைத்து எந்தக் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்?

காரைக்குப் போகிறவர்கள் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பெலம்னைட்டை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தேவிபட்டினத்துக் கரையில் கணவாய் ஓடு கிடைக்கும்.